இட்டேரியில் தனியாக வந்த கார்

போன ஐப்பசியில் நடந்தது இது. மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க, கோவையிலிருந்து காங்கேயம் தாண்டி ஒரு தோட்டத்துக்கு நான் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கம் பத்திரிகையை நேரில் போய்த்தான் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போன் போட்டால், "ஆகட்டுங்க, வந்தரலாங்க" என்று மரியாதையாகச் சொல்வார்கள், ஆனால் வர மாட்டார்கள். அதையும் புருஷன் பெண்டாட்டி ஜோடியாகப் போய் வைப்பதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் என் தம்பியும் அவன் மனைவியும் போய் வந்தார்கள். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் நான்தான் போயாக வேண்டும். அது என் வீட்டுக்காரரின் அக்கா வீடு. எனக்கு நங்கையா.

வீட்டுக்காரரின் காரியம் முடிந்ததிலிருந்து நான் நங்கையாவை எட்டிப் பார்க்கவே இல்லை. சண்டையெல்லாம் கிடையாது. அவர் தம்பி இல்லாமல் அந்த வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். நங்கையாவுக்கு அது வேறு மாதிரி பட்டிருக்கிறது. "அவ வந்து வச்சா வாரேன். இல்லீன்னா என்னைய எதிர்பார்க்க வேண்டாம்" என்று என் தம்பியிடம் சொல்லி அனுப்பிவிட்டார். என் மகளுக்கு அப்பாவோடு பிறந்தவர் என்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு அத்தைதான். மேடையில் அப்பா பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லாமல் என் பெண் நிற்பாள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். எனக்கு வீம்பு கொஞ்சம் ஜாஸ்தி.

நங்கையாவின் மகன் திருப்பூரில் இருக்கிறார். நங்கையா மட்டும் தோட்டத்துச் சாளை வீட்டில் தனியாக இருக்கிறார். தார் ரோட்டை விட்டு இறங்கினால் அந்த வீடு வரைக்கும் இட்டேரிதான். இட்டேரி என்றால், இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு மண் தடம். உள்ளே நுழைந்துவிட்டால் காரைத் திருப்ப இடம் கிடையாது. பாதி வழியில் ஒரு பள்ளம் குறுக்கே ஓடும். வெயில் காலத்தில் வெறும் மணல்தான், மழை பெய்தால் தண்ணீர் வரும்.

எங்கள் கார் சின்னது. அதன் அடிவயிறு தரையை ஒட்டித்தான் இருக்கும். முன்பெல்லாம் இட்டேரி வாயில் வந்ததும் என் வீட்டுக்காரர் காரை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். "எறங்கிப் பாரேன்." நான் முனகிக்கொண்டே இறங்குவேன். பட்டுச் சேலை கட்டியிருந்தாலும் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்கு முன்னால் நடக்க வேண்டும். நடுவில் மேடு தட்டுமா, டிராக்டர் போன தடம் ஆழமா, எங்கே கல் துருத்திக்கொண்டிருக்கிறது எல்லாம் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே போவேன். "வா, வா, ரைட்டுல ஒடி, நேரா வா." பின்னால் அவர் ஊர்ந்து வருவார். சாளை வாசல் வரைக்கும் இப்படியே ஊர்வலம்தான். "ஏசி காரை வாங்கிப்போட்டு என்னைய நடக்க வச்சே கூட்டிட்டு வாரீங்க" என்று ஒவ்வொரு முறையும் திட்டுவேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

அன்றைக்கு இட்டேரி வாயில் காரை நிறுத்தியபோது மத்தியானம் ஆகியிருந்தது. முந்தின நாள் மழை. என்னை அறியாமலே இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சீட்டில் பழத்தட்டும் பத்திரிகையும் இருந்தன.

கண்ணாடி வழியாகவே தடத்தைப் பார்த்தேன். செம்மண், சரளை கலந்தது, கெட்டியாகத்தான் தெரிந்தது. டிராக்டர் டயர் தடமும் இருந்தது. வண்டி போயிருக்கிறதே, நாமும் போகலாம் என்று உள்ளே விட்டுவிட்டேன். டிராக்டர் போகிற வழியெல்லாம் என் கார் போகுமா என்று யோசிக்கவில்லை. தடத்துக்கு நடுவில் இருந்த புல் சாயாமல் விறைப்பாக நின்றதையும் கவனிக்கவில்லை. கார் எதுவும் சமீபத்தில் போயிருந்தால் அந்தப் புல் மடிந்திருக்கும். அந்தப் புல் அடியில் உரசிக்கொண்டே வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வேலி முள் இரண்டு பக்கமும் கதவைக் கீறியது.

பள்ளத்துக்கு வந்ததும் பிரேக்கை மிதித்தேன். முன்னால் கலங்கல் தண்ணீர். ஆழம் தெரியவில்லை. பின்னால் வளைந்து வளைந்து வந்த இட்டேரி. அவ்வளவு தூரம் ரிவர்ஸ் எடுக்கிற ஆள் நான் இல்லை.

எதிர்க்கரையில் ஒருவர் மொபெட்டில் பால் கேனோடு வந்தார். தண்ணீரில் காலை ஊன்றி ஊன்றி என் பக்கம் ஏறி, காருக்கும் வேலிக்கும் நடுவில் நுழையப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, தனியாவா வந்தீங்க? கூட ஆரும் வரலீங்களா?"

இல்லை என்றேன்.

"இதுல எறக்கிப்போடாதீங்க. போன மழைக்கு ஒரு வண்டி சிக்கி, டிராக்டர் வச்சு இழுத்தாங்க. நின்னு பார்க்கலாம்னா எனக்கு பால் சொசைட்டிக்கு நேரமாச்சுங்க."

நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு வேலியை உரசிக்கொண்டு போய்விட்டார். மொபெட் சத்தம் அடங்கியதும் அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. நங்கையாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். கார் சிக்கிக்கொள்ளும் என்பதற்காக இல்லை. இந்த இரண்டு வருஷத்தில் பேங்க், ஆஸ்பத்திரி, மாப்பிள்ளை பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் தனியாகப் போய்விட்டேன். அங்கெல்லாம் அவர் இல்லாதது இப்படி அடிக்கவில்லை. இறங்கிப் பார்க்கிற ஆளும் நான், ஓட்டுகிற ஆளும் நான் என்றால் எப்படி?

அழுது முடித்தால் இறங்கித்தானே ஆக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தேன். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. இடது பக்கம் கருமண், கால் புதைந்து வர மறுத்தது. வலது பக்கம் காலுக்கடியில் சரளை நறநறத்தது. அக்கரை வரைக்கும் போய்த் திரும்பி, இன்னொரு தரமும் நடந்து பார்த்தேன். தண்ணீருக்குள் கால் தடம் நிற்காது என்பதால் கிளுவைக் குச்சிகளை ஒடித்து, சரளை முடிகிற இடத்தில் நட்டு வைத்தேன்.

பிறகு காரில் ஏறி, குச்சிகளை இடது பக்கம் விட்டு மெதுவாக இறக்கினேன். "வா, வா, ரைட்டுல ஒடி, நேரா வா" என்று யாரோ சத்தமாகச் சொல்வது கேட்டது. என் வாய்தான். கார் ஒரு தரம் குலுங்கியது, டயர் ஒரு தரம் வழுக்கியது, அப்புறம் அக்கரையில் ஏறிவிட்டது. சந்தோஷப்பட்டுச் சொல்லக்கூட ஆள் இல்லை.

சாளை வாசலில் நங்கையா நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கியதும் திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் நீ முன்னால நடந்து வருவே, அவன் பின்னால வருவான். காரு மட்டும் தனியா வருதேன்னு பார்த்தேன் கண்ணு" என்றார்.

இரண்டு பேரும் அங்கேயே கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம். அப்புறம் உள்ளே போய்ப் பத்திரிகையை வைத்தேன். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, "ரெண்டு நாள் முன்னாடியே வந்தர்றேன், அவன் செய்யற வேலையெல்லாம் ஆரு செய்யறது?" என்றார். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினேன். களத்தில் காரைத் திருப்பி நிறுத்தியபோது, நங்கையா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல், முழங்கால் வேறு சரியில்லை. "நங்கையா, நீங்க ஏறுங்க" என்று கத்தினேன். திரும்பியே பார்க்கவில்லை. கையை மட்டும் ஆட்டினார், வா என்று.

பள்ளம் வரைக்கும் நொண்டி நொண்டி முன்னால் நடந்தார். நான் பின்னால் ஊர்ந்து போனேன். அத்தனை வருஷம் அந்தத் தடத்தில் வந்தும், முன்னால் ஒருவர் நடப்பதைக் காருக்குள்ளிருந்து நான் பார்த்ததே இல்லை. செருகிய சேலை, சேறு படிந்த கால், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆடுகிற ஒரு கை. நமக்காக ஒருவர் முன்னால் போய்க் கொண்டிருக்கிறார் என்கிற நிம்மதி. நான் திட்டத் திட்ட என் வீட்டுக்காரர் எதற்குச் சிரித்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கல்யாணத்துக்கு நங்கையா சொன்னபடியே இரண்டு நாள் முன்னதாக வந்து என் மகள் பக்கத்தில் நின்றார். இப்போதும் எங்காவது மண் தடம் வந்தால் நான் காரை நிறுத்தி, இறங்கி, முழுத் தூரமும் நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். தடம் எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது எதிரே வெறும் தடம் மட்டும்தான் இருக்கிறது.