தரகரம்மாவின் ஒற்றைச் செடி

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு குப்பைமேட்டில். ரோஜாப் பண்ணைகளில் கரும்புள்ளி நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்துவர அலுவலகத்தில் என்னை அனுப்பியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தோட்டக்கலைப் பட்டம், கையோடு வேலை. அடையாள அட்டை நன்றாகத் தெரியும்படி இழுத்துவிட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். பார்க்க ஆளில்லை. பண்ணையின் கோடியில், பிய்த்துக் கொட்டிய கிளைகளுக்கு நடுவே, ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி ஒவ்வொரு குச்சியாக எடுத்து இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டிருந்தார். கையெல்லாம் முள் கீறல்.

"இங்க பொறுப்பு யாரும்மா?"

"நான்தான் சார். அந்த ஈரச்சாக்கை எடுத்து இதும்மேல போடுங்க. வாடிட்டா அப்புறம் ஒண்ணுத்துக்கும் ஆகாது."

போட்டேன். எதைத் தேடுகிறார் என்பது சாயங்காலம்தான் விளங்கியது.

சுற்றுவட்டாரத்தில் அவரைத் தரகரம்மா என்பார்கள். பெயர் வைத்தது அவருடைய தம்பி. அப்பா விட்டுப்போன பண்ணையை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். மற்ற பண்ணைகள் செய்வதுதான் இங்கும்: காட்டு ரோஜாத் தண்டைக் கீறி, நல்ல ரோஜாவின் துளிர்க்கண் ஒன்றை உள்ளே செருகிக் கட்டி, பிடித்துக்கொண்டதும் விற்பது. பூ வகைகளெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. நாமே ஒன்றைப் புதிதாக உண்டாக்கினால் என்ன என்று அந்தப் பக்கத்தில் முதலில் கேட்டவர் அக்காதான். மொட்டு விரியுமுன் இதழ்களை நீக்கி, மகரந்தப் பைகளைக் கிள்ளியெடுத்து, மறுநாள் வேறொரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டுவைத்துக் காகித உறை கட்டுவார்.

"பொருத்தம் பாத்தாச்சா? மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்றாங்க?" என்பார் தம்பி.

ரோஜா விதை முளைக்கக் குளிர்ச்சி வேண்டும். ஈரத்துணியில் சுற்றிய விதைகள் டப்பா டப்பாவாக பிரிட்ஜில் இருந்தன. "பால் வைக்க இடமில்ல அண்ணி. உங்க பிள்ளைங்க காலை நீட்டிப் படுத்திருக்காங்க" என்று தம்பி மனைவி அலுத்துக்கொள்வார். முளைத்தவை பெரும்பாலும் கரும்புள்ளி கண்டு, இலை கொட்டி, வெறும் குச்சியாக நின்றன. வருஷங்கள் அப்படியே போயின. செடி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் தம்பி இதைச் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் அக்கா யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். ஒட்டுக் கட்ட அடித்தண்டாக மட்டுமே எல்லாரும் மதித்த காட்டு ரோஜாவையே மாப்பிள்ளையாக்கினார். அதை எந்த நோயும் அண்டாது. பிறந்த நாற்றுகளில் ஒன்று பூத்தது. பழுத்த பப்பாளிச் சதையின் நிறம். இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. நாற்றின் வேர் அழுகத் தொடங்கியபோது ஒரே ஒரு கண்ணைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதை ஒட்டுக் கட்டி, விற்பனைப் பாத்தியில் மற்றவற்றோடு நட்டுவிட்டார். ஒரு கோடையைத் தாண்டட்டும், அப்புறம் தம்பியிடம் காட்டலாம் என்றிருந்தார். தோற்றால் இன்னொரு சிரிப்பைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை.

ஒட்டுக்குக் கீழேயிருந்து காட்டுக்கிளை கிளம்பினால் மேலே இருக்கும் நல்ல கிளையைச் சாகடித்துவிடும். அதனால் பண்ணைகளில் ஒரு கணக்கு உண்டு: காம்புக்கு ஐந்து இலை என்றால் நம்முடையது, ஏழு என்றால் காடு. காட்டை வெட்டக்கூடாது, மறுபடி துளிர்க்கும். அடியோடு பிய்க்க வேண்டும். தம்பி அதில் கெட்டிக்காரர். அக்காவின் செடியோ அப்பனைக் கொண்டு பிறந்து ஏழு இலையோடு வளர்ந்திருந்தது. நான் போன அன்று காலையில் பாத்தியைச் சுத்தம் செய்துகொண்டே போன தம்பி, அதையும் ஒட்டிய கண்ணோடு பிய்த்துக் காட்டுக்கிளைக் குவியலில் எறிந்துவிட்டார்.

"ஏழு இலைக்கா. யாரா இருந்தாலும் பிச்சிருப்பான்" என்றார் தம்பி, கொட்டகை வாசலில் நின்றபடி. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா சிரிப்ப."

"சிரிச்சா என்ன? செடி இருந்திருக்கும்."

அக்கா குச்சிகளை ஈரத்துணியில் சுற்றினார். எது தன்னுடையது என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை. இலையைக் கசக்கினால் தெரியும் என்று நம்பியிருந்தார். வெயிலில் வாடியதில் எல்லாம் ஒரே வாசமாகிவிட்டது.

"விடுக்கா. அதே ஜோடியைத் திரும்பச் சேர்த்தா அதே வந்துட்டுப் போவுது."

"நீயும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான். ஒண்ணாவா இருக்கோம்?"

தம்பி மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தன் கத்தியை எடுத்துவந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். கிடைத்த குச்சிகள் அத்தனையிலிருந்தும் கண்ணெடுத்து ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அவர் கீற, அக்கா கட்டினார். பூத்தால்தான் எது எதுவென்று தெரியும். அதற்கு அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும்.

நோய் ஆய்வு என்று சொல்லிக்கொண்டு நான் அடிக்கடி போனேன். அடுத்த பருவத்தில் மொட்டுகள் விரிய ஆரம்பித்தன. ஐந்து இதழ், வெள்ளை, காட்டு ரோஜாவேதான். அக்கா எழுந்து வருமுன் தம்பி பாத்திக்குப் போய், வெள்ளையாகப் பூத்தவற்றைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுவார். காலையில் அக்கா பார்ப்பது கிளறிய மண்ணைத்தான். எத்தனை என்று அவர் கேட்டதில்லை. கடைசியாக நின்ற செடியும் வெள்ளையாகத்தான் பூத்தது. அதைப் பிடுங்கத் தம்பிக்குக் கை வரவில்லை. அக்காவே வந்து பிடுங்கினார்.

இப்போது அவர் அதே பண்ணையில், அதே காட்டு ரோஜாவைச் சேர்த்து விதை எடுத்துக்கொண்டிருக்கிறார். முளைக்கும் ஒவ்வொரு நாற்றிலிருந்தும் ஒரு கண்ணை எங்கள் அலுவலகத் தோட்டத்திலும் ஒட்டி வைக்கிறோம். பப்பாளி நிறத்தில் இதுவரை எதுவும் பூக்கவில்லை. தம்பி விற்பனையை மட்டும் பார்த்துக்கொள்கிறார். கிளை பிய்க்க வேறு ஆள் போட்டிருக்கிறார்கள்.