தோமித்திலா கடித்த சப்போட்டாக் காய்

கம்பெச்சே காட்டில் மழைக்காலம் முழுக்கச் சப்போட்டா மரமேறி, பட்டையைக் கீறிப் பால் இறக்குவதுதான் நிகாசியோவின் பிழைப்பு. அந்தப் பாலைக் காய்ச்சித்தான் சூயிங்கம் செய்வார்கள். மரத்தில் சூரன், பெண்களிடம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பால் இறக்குபவர்களின் முகாமில் சமைத்த தோமித்திலாவோ சரியான வாயாடி.

ஒருநாள் அவளுக்கென்று உச்சிக்கிளையிலிருந்து ஒரு சப்போட்டாவைப் பறித்து வந்து நீட்டினான். பாலையே பார்த்துப் பழகியவனுக்குப் பழத்தின் பக்குவம் தெரியாது. அது பழுக்கும் கோடையில் அவன் காட்டிலேயே இருப்பதில்லை.

"தொரைக்கு இன்னைக்கு என்ன இவ்வளவு கரிசனம்?" என்று கேட்டபடியே கடித்தாள். காய்ப்பால் உதடுகளை ஒட்டிவிட்டது. அவள் கண்ணை உருட்டி முறைத்தாள். நிகாசியோவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"உன்னையக் கட்டிக்கணும்னு ஆசை. வேணாம்னா இப்பவே சொல்லிடு."

அவள் சொல்லவில்லை.

பேரன் பேத்தி எடுத்த பிறகும், "வாயத் தொறக்க முடியாம மாட்டிக்கிட்டா" என்று அவன் பீற்றிக்கொள்வான். தோமித்திலா அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொல்வாள்:

"பன்னிக் கொழுப்புச் சட்டி கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. ஒரு விரல் தொட்டுத் தடவியிருந்தா பிசின் விட்டிருக்கும். நான்தான் தொடல."