நீலம் மட்டும் ஓடிய தாள்

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. நான் கட்டிக்கொள்ள நினைத்தவருடைய அம்மா முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சென்னையில் அவரும் நானும் ஒரே ஆபீஸ். கல்யாணப் பேச்சை எடுத்தபோது அந்த அம்மா, "முதல்ல பொண்ணு வீட்டைப் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னாராம். அவர்களுக்கு மதுரையில் ஜவுளிக்கடை. எங்களுக்குத் திருத்தங்கலில் ஒரு அறையும் அடுப்படியும். இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் ஒரு படம் பார்த்திருந்தேன். நீலமும் வெள்ளையுமாக விரிப்பு, தட்டு, பூ. அப்படி ஒரு மேசை போட்டுவிட்டால் வேறு எதுவும் வந்தவர் கண்ணில் படாது என்று ஒரு நப்பாசை. வேறு எதுவும் என்ன, அம்மாவின் கைகள்தான். பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் மருந்து அடைத்த கைகள். அலுமினியப் பொடி நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் ஏறிவிட்டது. எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் அந்தச் சாம்பல் நிறம் போகாது.

"நீ அடுப்படியிலயே இரும்மா. நான் பரிமாறிக்கிறேன்" என்றேன் காலையில்.

"ஏன் தாயி?"

"சும்மாதான்."

அம்மா தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டில் மடக்கு மேசை கேட்டு வாங்கினேன். மேலே ஒரே கீறல். அப்பா அச்சாபீசில் மெஷின் ஓட்டுகிறவர்; பரணில் எப்போதும் கழிவுத் தாள் கட்டாக இருக்கும். இங்கே எல்லார் வீட்டிலும் அலமாரிக்கும் நோட்டு அட்டைக்கும் அதுதான். காலண்டர் படத்துக்கு நான்கு மை ஒன்றன் மேல் ஒன்றாக ஓட வேண்டும். நீலம் ஓடியதோடு நின்றுபோன தாள்கள் ஒரு கட்டு கிடைத்தன. அலை, தாமரை இலை, ஓரத்தில் கொடி, நடுவெல்லாம் வெள்ளை. படத்தில் பார்த்ததைவிட அழகு! இரண்டு தாளை ஒட்டி விரித்து, புதிதாக வாங்கிய நீலப்பூப் பீங்கான் தட்டுகளை வைத்து, டம்ளரில் சங்குப்பூ செருகினேன். அப்பாவிடம் காட்ட முடியவில்லை. காலண்டர் சீசன், ஞாயிறும் வேலை.

வந்தார்கள். அவர் உட்கார்ந்ததும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவருடைய அம்மா மட்டும் தட்டைக் கையில் எடுத்தவர் எடுத்தவர்தான், கீழே வைக்கவேயில்லை. இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே சாப்பிட்டார். கனமான தட்டு. தாழத் தாழத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மேசையில வச்சுச் சாப்பிடுங்க அத்தை."

"இருக்கட்டும்மா."

குழம்பு ஊற்றும்போது மறுபடி சொன்னேன். மறுபடியும் இருக்கட்டும். அடுப்படி வாசலில் நின்று அம்மாவும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க வீட்டு மேசையில தட்டை வச்சா ஒட்டிக்குமா அத்தை?"

மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த அம்மா முகம் சிவந்து, "இந்தப் பக்கம் வந்து பாரும்மா" என்றார்.

சுற்றிப் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நான் நின்ற பக்கத்திலிருந்து தாள் தலைகீழ். இங்கிருந்து பார்த்தால், அவர் தட்டு வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்கள். மேலே நீலமாகக் கூந்தல். லட்சுமி! சிவப்புப் புடவையும் மஞ்சள் நகையும் இன்னும் ஓடாததால் உடம்பெல்லாம் வெள்ளையாக நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து இந்தத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டவள் நான். எனக்குத் தெரியவில்லை.

"எச்சித் தட்டை எப்படிம்மா அவங்க மொகத்து மேல வைக்கிறது? சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு பேசாம இருந்தேன்."

"ஆத்தாடி!" அம்மா ஓடிவந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறைக்க மறந்துபோன சாம்பல் விரல்கள். "மன்னிச்சுக்கோங்க, சின்னப் புள்ள தெரியாமப் பண்ணிட்டா. வேற தட்டு வைக்கவா?"

"தட்டுக்கு என்ன? ஒரு பாயை எடுத்துப் போடுங்க மதினி, கீழயே உக்காருவோம்."

மதினி என்றுதான் சொன்னார், சம்பந்தி முறை வைத்து. என் காதில் அது விழுந்தும், நிம்மதிப்பட எனக்குத் துணிச்சல் வரவில்லை. பாயை விரித்தேன். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்தார்.

"நீங்களே பரிமாறுங்க மதினி. உங்க மக பயந்து பயந்து கரண்டியில பாதிதான் ஊத்துது."

அம்மா உடனே நகரவில்லை. என்னைப் பார்த்தாள். பரிமாறலாமா என்று என்னிடம் கேட்கிற பார்வை.

கரண்டியை நீட்டினேன். வாங்குவதற்கு முன்னால், கையை முந்தானையில் இன்னொரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.