ஒட்டுத்தாளுக்குக் கீழே இருந்த பெயர்கள்

"நூலகத் தொழிலாளி (ஆண்). கல்வித் தகைமை: எட்டாம் ஆண்டுச் சித்தி. நல்ல தேகாரோக்கியமும் பாரம் தூக்கும் வலுவும் உடையவராக இருத்தல் வேண்டும். கட்டடத்தைக் கூட்டித் துடைத்தல், தூசு தட்டுதல், கதவுகளைத் திறந்து பூட்டுதல் என்பன இவரது கடமைகளாகும். நூல்களைக் கையாளுதலும் வாசகருடன் வீண் வார்த்தையாடுதலும் தவிர்க்கப்படல் வேண்டும்."

பண்டத்தரிப்பில் பஸ் மாறிப் போகவேண்டிய ஆலங்குழி என்ற கிராமத்தின் பிரதேச சபை நூலகத்தில், பதினோரு வருடங்களாக, மேற்படி சுற்றறிக்கை சொல்லும் பதவியில் இருந்த பவளராணி ஆண் அல்ல. ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. பாரம் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களும் சித்தி. நேர்முகத் தேர்வில் அதை வாய் திறந்து சொல்லவில்லை. படிக்காததைப் படித்ததாகச் சொல்லி வேலை எடுத்தவர்கள் ஊரில் சிலர் உண்டு. படித்ததை ஒளித்து வேலை எடுத்தவர் அவர் ஒருவர்தான். வீண் வார்த்தை விஷயத்தில் சுற்றறிக்கை முழுத் தோல்வி. பத்திரிகை பார்க்க வருகிறவர் தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் பவளராணி செய்தியையும் அதன் மறுப்பையும் சொல்லிவிடுவார்.

கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் ஊர்ச் சங்கம் நூலகத்துக்கு ஒரு ஸ்கானர் அனுப்பியது. சங்கத் தலைவரின் அண்ணன் தேவராசா மாஸ்ரர், ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நாடா வெட்டியவரும் அவர்தான். ஒளிந்து கிடக்கிறதெல்லாம் இனி உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அந்த இயந்திரத்தில் தூசு படக்கூடாது என்று பொலித்தீன் உறையால் மூடி, அதன் மேல் ஒரு துவாயையும் போட்டார்கள். எட்டு மாதங்களாக ஒவ்வொரு காலையும் பவளராணி அந்தத் துவாயை உதறினார், உறையைத் துடைத்தார், திரும்ப மூடினார்.

நூலகர் றொசாந்தி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பட்டம் எடுத்தவர், நல்ல பிள்ளை, ஆனால் சுற்றறிக்கைக்குப் பயந்தவர். எந்தப் புத்தகத்தை இணையத்தில் போடலாம், எதைப் போட்டால் எழுதினவர் வழக்குப் போடுவார் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். பதில் வரவில்லை. மாதாந்த அறிக்கையில் 'ஸ்கான் செய்யப்பட்டவை' என்ற கட்டத்தில் எட்டு முறை பூச்சியம் போட்டார்.

பின் அறையில் ஒரு அலுமாரி நிறையக் கல்வெட்டுகள் கிடந்தன. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வருகிறவர்களிடம் கொடுப்பதற்கென்று அடிக்கிற நினைவு மலர்தான் கல்வெட்டு. முதற் பக்கத்தில் படம், நடுவில் பாட்டு, பிறகு யாருக்கு யார் பிறந்து யாரை முடித்தார்கள் என்ற வம்ச வரலாறு. வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் வைக்கவும் மனமில்லாமல் எரிக்கவும் மனமில்லாமல் நூலகத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நூலகத்தின் பதிவேட்டில் அவற்றுக்கு இலக்கமே இல்லை.

பவளராணி பதிவேட்டைக் கொண்டுவந்து றொசாந்தியின் மேசையில் விரித்தார்.

"பிள்ளை, இலக்கம் இல்லாதது புத்தகமோ?"

"இல்லை, பவளக்கா."

"அப்ப நான் கையாளலாம்."

றொசாந்தி யன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே ஒரு மாடு நின்றது. "நான் மாட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறன் அக்கா," என்றார்.

அன்றைக்கே துவாய் கழன்றது.

முதல் நாற்பதையும் படமாக மட்டும் இணையத்தில் போட்டார்கள். டென்மார்க்கிலிருந்து ஒருவர், தன் தாயின் பெயரைக் கண்டுபிடிக்க முந்நூறு பக்கம் புரட்டியதாகவும், இதைவிட விமான ரிக்கற் எடுத்து நேரில் வந்திருக்கலாம் என்றும் எழுதினார். பவளராணிக்கு ரோசம் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு கல்வெட்டிலும் உள்ள அத்தனை பெயர்களையும், செத்தவர் முதல் கொள்ளுப்பேரன் வரை, இரண்டு விரலால் தட்டிச் சேர்த்தார். பெயரைத் தட்டினால் பக்கம் வந்து நிற்கும். ஆறு மாதத்தில் திதி பார்க்கிறவர்கள், உறவை நிரூபிக்க வேண்டிய விசாக்காரர்கள், காணி உறுதி தேடுகிறவர்கள் என்று எங்கெங்கோ இருந்து வந்தார்கள். சம்பந்தம் பேசுகிறவர்கள்தான் அதிகம். வட்டுக்கோட்டைக் கலியாணத் தரகர் ஒருவர் நேரே வந்து, மூன்று தலைமுறை விசாரித்துச் சொல்வதுதான் தன் பிழைப்பு, அதை இப்போது ஆட்கள் போனில் பார்த்துவிடுகிறார்கள் என்று முறைப்பட்டார். பவளராணி அவருக்கும் எப்படித் தேடுவதென்று காட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகையில்தான் கதிரவேலுவின் கல்வெட்டு வந்தது. கதிரவேலு நில அளவையாளர். தேவராசா மாஸ்ரரின் தகப்பன். இறந்தது தொண்ணூற்று மூன்றில். போர்க்காலப் பொருளாதாரத் தடை, அச்சுத் தாள் கிடைக்காத காலம். அதனால் நீலக் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்திருந்தார்கள். நான்காம் பக்கத்தில், 'மக்கள்' என்ற தலைப்புக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்தில் வெறும் கொப்பித் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. கோட்டோடு கோடு அப்படிப் பொருந்தியிருந்ததால் பவளராணி அதைக் கவனிக்கவேயில்லை. கண்ணாடியில் கவிழ்த்து வைத்தார், வெளிச்சம் ஓடியது, படம் விழுந்தது. புத்தகத்தை எடுத்தபோது ஒரு துண்டுத் தாள் கண்ணாடியிலேயே கிடந்தது. முப்பது வருடத்தில் பசையைப் பூச்சி தின்று முடித்திருந்தது.

துண்டு இருந்த இடத்தில் இப்படி அச்சாகியிருந்தது: 'மூத்த மகள் செல்வநாயகி. மருமகன் யாக்கூப். பேர்த்தி ஹப்ஸா.'

பவளராணி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அச்சகத்தார் குறிப்பு எழுதியிருந்தார்கள்: 'இவ்வரலாறு அமரர் தம் கைப்பட எழுதி முன்னரே எம்மிடம் ஒப்படைத்தது. ஓரெழுத்தும் மாற்றாது பதிப்பித்துள்ளோம்.'

தன் சாவுக்குப் பிறகு மற்றவர்கள் எப்படி அளப்பார்கள் என்று அந்த அளவையாளருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லைக் கல்லைத் தானே நட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் அதன்மேல் மண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

பவளராணி கன நேரம் யோசிக்கவில்லை. ஒட்டின படம் கணினியில் இருந்தது. அதை அழிக்காமல், ஒட்டாத பக்கத்தை இன்னொரு தடவை எடுத்தார். முதலாவதுக்குக் கீழே 'ஒட்டுத்தாளுடன்' என்றும் இரண்டாவதுக்குக் கீழே 'ஒட்டுத்தாள் கழன்ற பின்' என்றும் எழுதினார். மூன்று பெயர்களையும் தட்டிச் சேர்த்தார். துண்டுத் தாளை ஒரு கடித உறையில் இட்டுக் கல்வெட்டுக்குள் வைத்தார்.

ஏழு கிழமை கழித்து, வெயிலில் முகம் சிவந்த ஒரு பெண் வந்து வாசலில் நின்று, "இஞ்ச பவளராணி எண்டு ஆரு?" என்று கேட்டாள். அவள் ஹப்ஸா. தொண்ணூறில் யாழ்ப்பாணத்துச் சோனகதெருவைவிட்டு முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டபோது மூன்று வயது. புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்து, கணவன் றியாசின் இரும்புக் கடைக்காக யாழ்ப்பாணம் திரும்பியவள். உம்மாவின் பழைய பெயரை ஒருநாள் சும்மா போனில் தட்டிப் பார்த்திருக்கிறாள். பக்கத்திலேயே தன்னுடைய பெயரும் வந்து நின்றிருக்கிறது.

"கொம்பியூட்டரில ஆரும் எழுதிப்போட்டதா, உண்மையாவே அடிச்சதா?" என்றாள். "எனக்குத் தாளைப் பார்க்கோணும்."

பவளராணி தாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஹப்ஸா எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். தகப்பன் தன்னைத் தலைமுழுகிவிட்டார் என்றுதான் உம்மா நாற்பது வருடமாகச் சொல்லிவந்தாளாம். பேர்த்தியின் பெயரைக் கதிரவேலு யாரிடமோ விசாரித்தல்லவா எழுதியிருக்க வேண்டும்.

அங்கிருந்தபடியே புத்தளத்துக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். எழுபது வயதுச் செல்வநாயகி கண்ணாடியைப் போட்டு, பக்கத்தைக் கிட்டக் காட்டச் சொல்லி வாசித்தார். பிறகு ஒட்டின துண்டையும் காட்டச் சொன்னார்.

"இது தேவனின்ரை வேலை," என்றார். அந்த ஊரைவிட்டுப் போய் இத்தனை வருடமாகியும் தம்பி தேவராசாவைப் பற்றிக் கதைக்கும்போது பேச்சு பழையபடி வந்துவிட்டது. "சின்னனிலை பட்டம் ஒட்டேக்கையும் உப்பிடித்தான். கோடு பிடிப்பான், பசை பிடிக்காது."

சிரித்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

செய்தி தேவராசா மாஸ்ரருக்குப் புத்தளத்திலிருந்து வரவில்லை, ரொறன்ரோவிலிருந்து வந்தது. அங்கிருக்கும் அவருடைய தம்பியின் மகள் அந்தப் படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு, எங்களுக்கு ஒரு மாமி இருக்கிறாவா என்று கேட்டிருந்தாள். மாஸ்ரர் குடையை மடக்காமலே நூலகத்துக்குள் வந்தார்.

"பவளராணி, அந்த ரெண்டாவது படத்தை எடுத்துவிடும். அது அச்சுப்பிழை."

"அச்சுப்பிழையோ மாஸ்ரர்? பேத்தியின்ரை பேர் வரைக்கும் ஒழுங்கா வந்திருக்கு."

"தாள் இருந்திருந்தா அப்பவே திருப்பி அடிச்சிருப்பம். அந்தியேட்டிக்கு ரெண்டு நாள்தான் கிடந்தது."

"ஓரெழுத்தும் மாத்தேல்லை எண்டு அச்சகத்தார் கடைசிப் பக்கத்திலை போட்டிருக்கினம். அப்ப அச்சுப்பிழை இல்லை."

மாஸ்ரர் குடையை மடக்கினார். "உமக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை? தூசு தட்டுறதுதானே உம்மடை வேலை."

"ஓம் மாஸ்ரர். தட்டினன், கழண்டு விழுந்தது." பவளராணி கூட்டுகிற தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். "ஒட்டினது நீங்கள். அந்தப் படத்தை நான் அழிக்கேல்லை, முதல் நிக்குது. எழுதினது உங்கடை ஐயா. அதுவும் நிக்கட்டும்."

அடுத்த கிழமை விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. சபைச் செயலாளர் கிறிஸ்ரோபர் கெட்டவர் அல்ல. கோப்பு பெருக்காமல் ஓய்வுபெற நினைத்தவர். நூல்களைக் கையாண்டது கடமை மீறல் என்று ஆரம்பித்தார். பவளராணி பதிவேட்டை நீட்டினார். செயலாளர் இரண்டு தடவை புரட்டினார். கல்வெட்டுக்கு இலக்கம் இல்லை. சபையின் எழுத்திலேயே அது புத்தகம் அல்ல.

அப்படியென்றால் சபைத் தீர்மானம் ஒன்றின் மூலம் படத்தை நீக்கலாம் என்றார்.

"போடலாம் ஐயா. எந்தப் பேர் உள்ள படத்தை நீக்கிறதெண்டு தீர்மானத்திலை எழுதோணும். செல்வநாயகி, யாக்கூப், ஹப்ஸா. அது கூட்டறிக்கையிலை வரும். கூட்டறிக்கை மாதாமாதம் இணையத்திலை போகுது. போடுறது றொசாந்திப் பிள்ளைதான்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். றொசாந்தியைக் கூப்பிட்டு, நீங்களாவது பேசாமல் எடுத்துவிடுங்கள் என்றார். சுற்றறிக்கைக்குப் பயந்த றொசாந்தி, எழுத்தில் உத்தரவு தந்தால், அதில் பெயர்களையும் குறிப்பிட்டால், உடனே செய்வதாக மிகவும் பணிவாகச் சொன்னார். பயத்தையும் சரியான இடத்தில் வைத்தால் அது ஆயுதம்தான்.

கடைசியில் கிறிஸ்ரோபர் குரலைத் தாழ்த்திக் கதைத்தார். மாஸ்ரர் மரியாதையான மனிதர், ஸ்கானரும் அவர்களால் வந்தது. அந்த ஒரு படத்தைத் தானாக எடுத்துவிட்டால் பவளராணி நூலகத்திலேயே இருக்கலாம். இல்லையென்றால், நிர்வாகத் தேவை கருதிச் சந்தைக்கு மாற்ற வேண்டி வரும். மீன் பக்கம். நின்றுகொண்டே கழுவுகிற வேலை. இடுப்புக்கு நல்லதல்ல என்று அவருக்கும் தெரியும்.

பவளராணி மின்விசிறியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"சந்தை எத்தினை மணிக்குத் திறக்கும் ஐயா?"

அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து காலை ஐந்து மணிக்குச் சந்தையில் தண்ணீர்க் குழாயோடு நின்றார். அது ஒரு மணிக்கு முடிகிற வேலை. இரண்டு மணிக்குக் குளித்து, உடுப்பு மாற்றி, நூலகத்துக்கு வந்து, உறுப்பினர் விண்ணப்பம் நிரப்பி, வாசகர் அட்டை எடுத்தார். நூலகத் தொழிலாளிக்குத்தான் நூல்களைக் கையாளத் தடை. வாசகருக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. ஸ்கானர் பொதுமக்கள் பாவனைக்கென்று நாடா வெட்டிய அன்றைக்கே கல்லில் பொறித்துச் சுவரில் பதித்திருந்தார்கள், கீழே தேவராசா மாஸ்ரரின் பெயரோடு. மாற்றல் கடிதம் பவளராணியின் கையைக் கட்டவென்று எழுதப்பட்டது. அவிழ்த்துவிட்டது.

மாஸ்ரர் இப்போதும் பின்னேரங்களில் பத்திரிகை பார்க்க வருகிறார். முதுகைக் காட்டி உட்காருகிறார். சில நாட்களில் ஒரே பக்கம் அரை மணி நேரம் விரிந்தபடி கிடக்கும். செல்வநாயகி புத்தளத்திலிருந்து இன்னும் வரவில்லை. மழை விட்ட பிறகு கூட்டிக்கொண்டு வருவதாக ஹப்ஸா சொல்லியிருக்கிறாள். இரண்டு படங்களும் இருந்த இடத்தில் இருக்கின்றன.

அலுமாரியில் எடுக்க வேண்டியவை போன ஆவணி மாதம் முடிந்தன. பவளராணி நானூற்றுப் பதினேழு கல்வெட்டுகளைப் படமெடுத்து, அவற்றிலிருந்த பெயர்களையெல்லாம் தட்டிச் சேர்த்தார். ஒன்றில் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு தடவை எடுத்தார்.