மரை வேட்டைக்கு ஒரு கம்பளிக் கோட்

எழுபதுகளில் மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் மிகக் குறைவு. இருந்தவர்களிலும் பெரும்பாலானோர் டொக்டர், எஞ்சினியர், கணக்காளர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கொழும்புத் துறைமுகத்தில் வெல்டிங் பழகி, கப்பலேறி, அந்தக் கைத்தொழிலை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நாட்டுக்குள் வந்தவன் எனக்குத் தெரிய நான் ஒருவன்தான். இப்படிச் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். பெருமைதான். நான் ஒட்டிய குழாயில் தண்ணீர் கசிந்தது என்று இன்றுவரை ஒருவரும் என்னிடம் வந்து சொன்னதில்லை.

நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை. மலையில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அணைக்குப் பெருங்குழாய் ஒட்டும் ஒப்பந்தம் எங்கள் பட்டறைக்கு வந்தது. குளிர்காலம் முழுக்க மலையிலேயே தங்கி வேலை செய்ய ஒரு குழு வேண்டும், குழுவுக்கு ஒரு தலைவன் வேண்டும். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். தொழிலில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பதை, வேலையாட்களை மேய்க்கும் போர்மனும் ஒத்துக்கொண்டார். ஆனால் சூட்டு நாட்டுக்காரனை மலைப் பனியில் விட்டால் இரண்டாம் நாளே நகரத்துக்கு ஓடிவந்துவிடுவான் என்று தேநீர் நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் மனதில் வைத்திருந்தது எங்கள் பட்டறையிலேயே வேலை செய்த ஒரு யூகோஸ்லாவியனை. பனி கொட்டுகிற ஊரில் பிறந்தவன். நல்லவன், நன்றாகவும் ஒட்டுவான். என்னளவு இல்லை.

போர்மனுக்கு வேட்டைப் பைத்தியம். குளிர்காலம் வந்தால் சனிக்கிழமைகளில் மலைக்குப் போய்விடுவார். அவர் தேடிப் போவது சாம்பர் மான். அது வேறொன்றுமில்லை, எங்கள் வன்னிக் காட்டு மரைதான். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் சிலோனிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து இங்கே விட்டார்களாம், அது மலையில் பெருகிவிட்டதாம். இதை அவரே ஒருநாள் பெரிய கதையாக எடுத்துவிட்டார். நான் விடுவேனா? எனக்குத் தெரிந்த இங்கிலிசில் நான் அன்று கேட்டது தமிழில் இப்படி வரும்:

"அந்த மரை என்ர ஊரில இருந்து வந்தது. அது உங்கட பனியில நிண்டு குட்டி போட்டு வளக்குது. நான் ஒரு குளிர்காலம் நிக்கமாட்டனோ?"

பட்டறை சிரித்தது. போர்மனும் சிரித்தார். சிரித்துவிட்டு, வருகிற சனிக்கிழமை நீயும் வா, யூகோஸ்லாவியனும் வரட்டும் என்றார். சுடுகிற துவக்கு அவருடையது. நாங்கள் அவர் சொன்ன இடத்தில் அசையாமல் இருந்து மிருகம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அது வேட்டை அல்ல, பரீட்சை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தப் பரீட்சையில் பாதி உடுப்பில் இருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நேராக விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கண்ணைப் பறிக்கும் நைலோன் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றைப் போட்டுக் கையை ஆட்டிப் பார்த்தேன். சரசர என்றது. இளவயதில் மாமன் ஒருவரோடு குளக்கரையில் மரைக்குக் காத்திருந்தவன் நான். மரைக்குக் கண்ணைவிடக் காது பெரிது. ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு, தேவாலயத்துப் பெண்கள் நடத்தும் பழைய உடுப்புக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு கம்பளிக் கோட், பாசி நிறம், தூக்கவே கனம். பக்கத்தில் அதே ஆளின் கம்பளிக் கால்சட்டை, எங்கள் பேச்சில் களிசான். கோட்டைப் போட்டபோது அதன் தோள் என் முழங்கை வரைக்கும் இறங்கியது. அவ்வளவு பெரிய மனிதன். கையை ஆட்டினேன், சத்தமே இல்லை. கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டிருக்கவே குழாயில் கையை நனைத்து அதன்மேல் உதறினேன். துளிகள் மேலேயே நின்றன. வட கடலில் ஓடிய மாலுமிகளைத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். பருத்தி நனைந்தால் முதலில் கழற்றி எறிவார்கள், கம்பளி நனைந்தால் அதோடேயே நின்று வேலை செய்வார்கள். இரண்டையும் வாங்கினேன். சுற்றிக் கொடுக்கும்போது அந்தப் பெண், இது காலமாகிப்போன ஒரு பண்ணைக்காரருடையது, மனைவி கொண்டுவந்து தந்தார் என்றாள்.

அதை நான் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருந்தது? மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"செத்த மனிசன்ர உடுப்பையோ வீட்டுக்குள்ள கொண்டு வாறியள்?"

"கழுவினா எல்லாம் போகுமப்பா."

"அப்ப நான் கழுவித் தாறன். அதுவரைக்கும் கொடியில கிடக்கட்டும்."

அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, நான் வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கத்தில் பழைய காலத்துச் செப்புக் கொப்பரை ஒன்று இருந்தது, துணி அவிப்பதற்கு. அதில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, மஞ்சளும் உப்பும் போட்டு, கோட்டையும் களிசானையும் அமுக்கி, தடியால் கிண்டி, அடித்து, பிழிந்து, மறுபடியும் கொதிக்க வைத்திருக்கிறாள். இழவு வீட்டுத் தீட்டு எல்லாம் போக வேண்டும் அல்லவா? கம்பளியைச் சுடுதண்ணீரில் போடக்கூடாது என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் பிறந்த ஊரில் கம்பளி துவைத்தவர் யார்?

பின்னேரம் வந்து பார்த்தேன். கொடியில் தொங்கியது நான் வாங்கிய கோட் அல்ல, அதன் பிள்ளை. பாசி நிறத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. களிசான் என் கெண்டைக்கால் நடுவில் நிற்கும் போல இருந்தது. மனைவி கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒண்டும் செய்யேல்லை. அது தானாச் சுருங்கினது" என்றாள். அந்தத் தலைவன் வேலை எனக்கு எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியும். விடிந்தால் வேட்டை. இனி எந்தக் கடைக்கு ஓடுவது?

கோட்டை அடுப்பு வெக்கையில் காயவைத்துப் போட்டுப் பார்த்தேன். தையற்காரன் அளவெடுத்துத் தைத்தது போலத் தோளில் உட்கார்ந்தது. துணி தடித்து இறுகி ஒரே பலகையாகியிருந்தது. கோட்டின் கைத்துணியை வாயில் வைத்து ஊதினேன், அந்தப் பக்கம் மூச்சுப் போகவில்லை. மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"இனி இதைச் செத்த மனிசன்ர எண்டு ஆர் சொல்லுவினம்?"

களிசானுக்குக் கீழே முழங்கால் வரைக்கும் ஏறும் கம்பளிக் காலுறை போட்டேன். உள்ளுக்குப் பருத்திப் பனியன் போடச் சொல்லி அவள் நின்ற நிலையை இப்போதும் மறக்கவில்லை. பனியன் இல்லாமல் வெளியே போகிற மனிதன் உண்டோ என்று கேட்டாள். வியர்வையில் நனைந்து என்னைக் கொல்லப் போவதே அந்தப் பனியன்தான் என்று சொல்லி, பழைய கம்பளிச் சுவெட்டரை வெறும் உடம்பில் போட்டேன். கடித்தது. கடித்தால் கடிக்கட்டும்.

விடியும்போது ஜேமிசன் என்ற மலையூருக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கில் நின்றோம். மழையும் பனியும் கலந்து கொட்டியது. யூகோஸ்லாவியன் புத்தம்புது நைலோன் ஜாக்கெட்டும் ஜீன்ஸும் போட்டு வந்திருந்தான். என் குட்டைக் களிசானையும் நீளக் காலுறையையும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கா வேட்டைக்கா வந்திருக்கிறாய் என்று கேட்டான். போர்மன் போட்டிருந்ததும் பழைய கம்பளிதான்.

இடுப்பளவு வளர்ந்து நனைந்துகிடந்த பற்றைப் புதருக்குள்ளால் நடந்தோம். யூகோஸ்லாவியன் அடி வைக்க வைக்கச் சரசர. போர்மன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் அவனைத் தூரத்தில் ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு, என்னைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

குளிரவில்லை என்று சொன்னால் பொய். மூக்கும் காதும் என்னுடையவையாக இல்லை. ஆனால் கோட்டுக்குள்ளே நான் இருந்தேன், காற்று வெளியே நின்றது. போர்மன் இடைக்கிடை என் கையைப் பார்த்தார், நடுங்குகிறதா என்று. பார்க்கட்டும் என்று கையை நீட்டியே வைத்திருந்தேன். வெகுநேரம் போனபின் மரத்தடியில் சத்தம் கேட்டது. யூகோஸ்லாவியன் எழுந்து நின்று, நனைந்த ஜீன்ஸ் ஒட்டிய காலை உதறிக்கொண்டிருந்தான், பல் அடிப்பது எங்களுக்குக் கேட்டது. போர்மன் ஜீப் சாவியைக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டார். பாவம், அவன் ஊர்க் குளிர் காய்ந்த குளிராம். நனைந்த குளிரை அவன் கண்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னான்.

அவன் போனபின் பள்ளத்தாக்கு அமைதியாகிவிட்டது. எதிர்ச் சரிவில் சருகு ஒன்று அசைந்தது போல இருந்தது. அது காது. போர்மனின் கையை மெல்லத் தொட்டேன். அவருக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் துவக்கு உயர்ந்தது. சுட்டது அவர், கண்டது நான்.

இறைச்சியைச் சுமந்துகொண்டு ஜீப்புக்கு வந்தபோது என் கோட்டின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, இது எங்கே வாங்கியது என்று கேட்டார். என் மனைவி செய்தது என்றேன். பொய் இல்லையே. அவர் தலையை ஆட்டினார். நகரத்துக்குத் திரும்பும் வழியில், திங்கட்கிழமையிலிருந்து குழுவை நீ பார்த்துக்கொள் என்று ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் குசினியில் அடுப்புப் பக்கம் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"குளிர்காலம் முடியுமட்டும்."

"நான் இஞ்ச தனியவோ? கடையில பாண் வாங்கவும் எனக்கு இங்கிலிசு வராது."

அவளே கேட்டாள்: "அங்க பெண்டுகள் இருக்கேலாதோ?"

"தெரியாது."

"தெரியாட்டிக் கேளுங்கோ. பத்தைக்குள்ள நிண்ட மரையைக் கண்ட மனிசனுக்கு இதைக் கேக்க வாய் வராதோ?"

திங்கட்கிழமை போர்மனிடம் போனேன். வேலையை எடுக்கிறேன், ஆனால் மனைவியும் வருவாள் என்றேன். அப்படி யாரும் கேட்டதில்லை என்றார். நான் கேட்கிறேன் என்றேன். மலையில் வேலையாட்கள் தங்கும் முகாமுக்குப் பின்னால் விறகடுப்போடு ஒரு பழைய கரவன், சக்கரம் வைத்த வண்டி வீடு, கிடக்கிறது, கூரை ஒழுகும், வேண்டுமானால் எடு என்றார். ஒழுகுவதை ஒட்டுவது என் தொழில். எடுத்தேன். அந்தக் குளிர்காலத்தில் அந்த முகாமில் இருந்த ஒரே பெண் என் மனைவிதான்.