பனிமலை உடுப்பு விற்பவன் பனிமலை பார்த்ததில்லை

நுவரெலியாவில் ஜெக்கட் விற்கிறவன் குளிருக்கு உடுப்பு கொடுத்தால் மட்டும் போதாது, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதிலும் கொடுக்க வேண்டும். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிப்போன பனிச்சறுக்கு உடுப்புகள் என் கடையில் தொங்குகின்றன. டிசம்பர் லீவுக்கு வெளிநாட்டுப் பனியில் சறுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளோடு என்னிடம் வருவார்கள். நானோ அந்தப் பனியைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரிந்த முகத்தோடு விற்றுப் பழகிய வியாபாரிகளே, நான் படும் பாடு உங்களுக்குப் புரியும்.

உள்ளுக்குள் படங்கு

லிந்துலையில் கொழுந்து பறிக்கும் ராணி, ஆறு வயது மகள் தர்ஷினியோடு வந்தார். கணவருக்கு ஜப்பானில், பனிச்சறுக்குக்குப் பேர்போன ஓர் ஊரில், ஹோட்டல் சமையலறையில் வேலை. பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவர். இப்போது லீவுக்கு இருவரையும் கூப்பிட்டிருக்கிறார். மகளைச் சறுக்கு வகுப்பிலும் சேர்த்திருக்கிறார். “போன்லயே அப்பாவப் பார்த்து வளர்ந்தவ. நேர்ல பார்த்தா கிட்ட போவாளோ, அழுவாளோ, அதாண்ணே எனக்குப் பயம்” என்றார் ராணி.

ஜெக்கட்டின் உள்ளே, இடுப்பளவில், இலாஸ்டிக் வைத்த துணிப்பட்டி ஒன்று இருக்கும். அது எதற்கு என்ற கேள்வி வெகுகாலம் என் மண்டையைக் குடைந்தது. விழும்போது பனி உள்ளே போகாமலிருக்கத்தான் என்று போன் சொல்லிக் கொடுத்தது. அதை என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி விளக்கினேன். ஈரத் தேயிலைச் செடி சேலையை நனைக்காமலிருக்க தினமும் இடுப்பில் படங்கு கட்டுகிறவர் ராணி. பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது நம்ம படங்குதானேண்ணே? வெளிய கட்டுறத உள்ளுக்கு வெச்சுத் தெச்சிருக்காங்க.”

அட்டைக்கு என்ன வழி?

நோர்வூட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், இரண்டு மகன்களை இந்தியாவின் பனிமலைக்குக் கூட்டிப்போகிறாராம். பிள்ளைகளுக்குக் களுசானைப் போட்டுப் பார்த்ததும் அந்த நீளக் காற்சட்டையின் கால் இரண்டையும் மேஸ் என்கிற காலுறைக்குள் திணித்து, “சவுக்காரம் பூசினா போதுமா, உப்பும் வேணுமா?” என்று கேட்டார். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது, மனிதர் அட்டைக்கு வழி கேட்கிறார். மலை என்றால் அட்டை கடிக்கும் என்பதுதானே நம் எல்லோருடைய அனுபவமும்!

சிரித்துவிட்டேனே தவிர, எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. போனில் தேடி, அந்தக் குளிரில் அட்டை வராது என்று காட்டினேன். அவர் முழுசாக நம்பவில்லை. “பனிக்கு மேல இல்லாம இருக்கலாம் தம்பி. பனிக்குக் கீழ பார்த்திருக்காங்களா?”

கண்ணாடிக்குள் ஒரு முகம்

களுசான் நீளத்தைச் சரிபார்க்க ராணியும் மகளும் மறுபடி வந்தார்கள். கடைக்குப் பின்னால் ஒரு புல்மேடு உண்டு. புதிதாகச் சறுக்கப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடமே பக்கவாட்டில் விழுவதுதான் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். அதனால் பிள்ளைகளை அங்கே ஒருமுறை விழவைத்துத்தான் அனுப்புவேன். தையல் தாங்குகிறதா என்றும் தெரிந்துவிடும்.

தர்ஷினி சந்தோஷமாக விழுந்தாள். போனில் காட்டுகிற மாதிரியே இருக்கட்டும் என்று மங்கி கெப்பையும் பெரிய கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிவிட்டேன். சிரிக்க வைக்கலாமென்று நானும் மாட்டிக்கொண்டேன். பிள்ளை என்னை உற்றுப் பார்த்தாள். உதடு துடித்தது. “அங்க எல்லாரும் இப்படித்தான் மூடிக்கிட்டு இருப்பாங்களா மாமா? அப்ப எங்க அப்பாவ எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

பச்சைக் கை

ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுவாளோ என்று தாய் பயந்துகொண்டிருக்க, தவறவிட்டுவிடுவேனோ என்று பிள்ளை பயந்துகொண்டிருக்கிறாள்.

என் கடையில் யாரும் சீண்டாத ஆம்பிளை ஜெக்கட் ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் செம்மஞ்சள், இடது கை மட்டும் பச்சை. எந்த கார்மெண்ட்ஸில் யார் கைதவறித் தைத்ததோ! அப்பாவுக்கு அதுதான் வேண்டுமென்று தர்ஷினி பிடித்துக்கொண்டாள். அதே ஹோட்டலுக்கு வேலைக்குக் கிளம்பிய ஹட்டன்காரர் ஒருவரிடம் அதை முன்கூட்டியே கொடுத்தனுப்பினோம். “ஏர்போட்டுக்கு இதத்தான் போட்டுக்கிட்டு வரணும்” என்று போனில் மகள் அப்பாவுக்குக் கட்டளையும் போட்டாள். அவர்கள் புறப்பட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் வேறெதையாவது போட்டுக்கொண்டு வந்து நின்றால்?

மூன்றாம் நாள்தான் ராணியின் குரல் வட்ஸ்அப்பில் வந்தது. குளிர்காலத்தில் அந்த ஏர்போட்டில் பாதிப்பேர் மாஸ்க்கோடுதான் நிற்பார்களாம். கூட்டத்துக்கு மேலே ஒரு பச்சைக் கை உயர்ந்திருக்கிறது. தாயின் கையை உதறிவிட்டு ஓடிய பிள்ளை, அந்தக் கையைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். அவர் குனிந்து, முகத்தைக் காட்டலாமென்று மாஸ்க்கைக் கழற்றப் போனாராம். “வேணாம்ப்பா, குளிரும், போட்டுக்கங்க. நான்தான் கண்டுபிடிச்சிட்டேனே!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வியையே அனுப்பினேன்: பனி எப்படி இருக்கிறது? பதில் உடனே வந்தது. “பனியா? அப்பாவும் மகளுமா இதுக ரெண்டும் சறுக்கி விழுறதப் பார்க்கவே எனக்கு நேரம் பத்தலண்ணே.”

ஆகவே, பனி எப்படி இருக்குமென்று என்னிடம் கேட்காதீர்கள், அங்கே போய் நிற்கிறவர்களே அதைப் பார்த்தபாடில்லை.