ஒச்சாயி மயில் ஓட்டிய பக்கம்

“அந்தப் பெரிய கொட்டகையெல்லாம் யாருது பாப்பா?” என்று கேட்டாள் ஒச்சாயி.

“ஏர்ஃபோர்ஸோடதுக்கா.”

“ஒரு ஆளையும் காணோம்?”

“தேவைப்பட்டாத்தான் வருவாங்க.”

“எப்ப?”

“அது நமக்குத் தெரியாதுக்கா.”

“ஆளே இல்லாத எடத்துக்கு இம்புட்டுப் பூட்டா! எங்க வீட்டுல ஆடு, கோழி, மனுச மக்க எல்லாம் இருக்கோம், கதவு ஒழுங்காச் சாத்தாது. சரி, வண்டி ஓடுற ரோடு யாருது?”

“ஓடுபாதை ரெண்டு பேருக்கும் பொதுக்கா.”

“பொதுன்னா? யாரு சொன்னா நான் கேக்கணும்?”

எனக்கும் அது தெரியவில்லை. மதுரைக்கு வெளியே உள்ள எங்கள் விமான நிலையத்தில் நான் விசாரணை மேசையில் இருப்பவள். ஓடுபாதையின் மேற்கே பயணிகள் முனையம், கிழக்கே விமானப்படைத் தளம். நடுவில் வேலி கிடையாது. விமானப்படைக் கொட்டகைகளுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு மட்டும்.

ஒச்சாயிக்குப் பறவை விரட்டும் வேலை. அதற்கு முன் காட்டு வேலை, களையெடுப்பு. கணவர் இறந்த பிறகு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் மகள் சரண்யாதேவி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஒச்சாயி காக்கைக்கும் பருந்துக்கும் வெடி போடுவாள். மயிலுக்குப் போட மாட்டாள். “முருகன் ஏறுற வண்டி மேல வெடியப் போடச் சொல்றீகளா?” என்பாள். ஆனாலும் அவள் வேலை பார்த்த முனையப் பக்கத்தில் மயில்கள் குறைந்துகொண்டே வந்தன. “அக்கா சொன்னா மயிலு கேக்குதுய்யா, எம் பொண்டாட்டி கேக்க மாட்டேங்குறா” என்று மேற்பார்வையாளர் மருது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை போர் விமானங்கள் பயிற்சிக்கு வந்து இறங்கின. மறுநாள் அவை கிளம்ப முடியவில்லை. கொட்டகை வாசல்களில் மயில் கூட்டம், தரையெல்லாம் கம்பு தானியம். அதிகாரி ஒருவர் ஒச்சாயியையும் மருதுவையும் அழைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாததால் என்னையும் கூப்பிட்டார்கள்.

கம்பு போட்டது யார் என்று கேட்டார்.

“நாந்தான் சார்” என்றாள் ஒச்சாயி உடனே. “கம்மங்காட்டுல ஒரு மூலைய பறவைக்கு விட்டுட்டா மத்த கம்மங்கருதத் தொடாது. அங்கிட்டுத்தான் ஆளே இல்லையே, அதான் கோட்டுக்கிட்ட நின்னு வீசுனேன். நான் கோட்டத் தாண்டல சார். கம்பு மட்டுந்தான் தாண்டுச்சு.”

ஆளில்லாத இடம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கினேன். அந்த இடத்துக்காரரே எதிரில் நின்றார். சொல்லிவிட்டேன்.

அதிகாரி மருதுவைப் பார்த்தார். “எங்க பக்கம் ஒரு மயிலுகூட இல்ல சார்” என்றார் மருது பெருமையாக. சொன்ன பிறகுதான் மருதுவின் முகம் மாறியது.

அதிகாரி கோபப்படவில்லை, எங்களைப் போலவே குழம்பித்தான் இருந்தார். இரண்டு அலுவலகங்களும் பேசி முடிவெடுக்கும், அதுவரை ஒச்சாயி தன் அனுமதி அட்டையை ஒப்படைக்க வேண்டும் என்றார். இவள் நல்ல வேலைக்காரியா, குற்றவாளியா? எந்த அலுவலகம் எதைச் சொல்லும்? நான் மொழிபெயர்த்தேனே தவிர, எனக்கே விளங்கவில்லை.

ஒச்சாயி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள். கொடுக்காமல் கையிலேயே இறுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“பாப்பா, இது போனா மக படிப்பு நின்னுரும். இனிமே கம்பு போட மாட்டேன். சார்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு தாயி. மயில எந்தப் பக்கம் ஓட்டுனா என்னைய வேலையில வச்சுக்கிருவாக?”